வாழைமரத்துக்கு ஸ்க்ரூ அடித்தவனின் வாக்குமூலம்

கிள்ளான்,
ஞாயிற்றுக்கிழமை காலை.

மதிப்பிற்குரிய காஜாங் சம்பந்தி ரெங்கசாமி அவர்களுக்கு,

கிள்ளான் கமலநாதன் இரு கை கூப்பி, தலையை வழக்கத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே குனிந்து எழுதிக்கொள்வது. தாங்களும் சம்பந்தியம்மாவும் மாப்பிள்ளை ஜீவனும் தங்கள் அக்காள் நல்லம்மாள் அவர்களும் நோய்நொடி இல்லாமல் இருக்க மாரியம்மாளை வேண்டிக்கொள்கிறேன். இங்கே நான், என் மனைவி சீதாலெட்சுமி, மகள் ஷாமினி மூவருக்கும் உடம்பில் ஒரு குறையும் இல்லை. குறையெல்லாம் முகத்தில்தான். அதிலும் எனக்கு முகம் என்று ஒன்று இப்போது இல்லவே இல்லை. வெளியே காட்டுவதற்கு வைத்திருந்த ஒன்றையும் மூன்று வாரத்துக்கு முன்னால் என் வீட்டு கேட்டிலேயே விட்டுவிட்டேன்.

இந்தக் காலத்தில் எவன் கடிதம் எழுதுகிறான் என்று நினைப்பீர்கள். போனில் பேசத்தான் பார்த்தேன். ஆறு தடவை உங்கள் நம்பரை எடுத்து, ஆறு தடவையும் ரிங் போவதற்குள் வைத்துவிட்டேன். சரி, வாட்ஸ்அப்பில் குரல் பதிந்து அனுப்பலாம் என்று பேசினால், ஷாமினி அதைக் கேட்டுவிட்டு, "அப்பா, நீங்க உண்மை பேசுறப்பதான் பொய் சொல்ற மாதிரியே இருக்கு. அனுப்பாதீங்க" என்று பிடுங்கி அழித்துவிட்டாள். ஆகவே பேனா. பேனாவுக்குக் குரல் கிடையாது, வியர்வையும் கிடையாது.

விஷயத்துக்கு வருகிறேன். பரிசம் போட வந்த உங்களையும் உங்களோடு தட்டு ஏந்தி வந்த இருபத்திரண்டு பேரையும் என் வீட்டு கேட்டுக்கு வெளியே, வெயிலில், ஐம்பது நிமிடம் நிற்க வைத்தேன். ஏன் என்று கேட்டபோது, அது எங்கள் குடும்ப வழக்கம் என்றேன். சம்பந்தி, அப்படி ஒரு வழக்கம் எங்கள் குடும்பத்தில் கிடையாது. எந்தக் குடும்பத்திலும் கிடையாது. கேட் திறக்கவில்லை, அவ்வளவுதான். திறக்காததற்குக் காரணம், அதை நானே என் கையால், மூன்று அங்குல ஸ்க்ரூ போட்டுத் தூணோடு சேர்த்து முடுக்கியிருந்தேன்.

எழுதிவிட்டேன். அன்று சாப்பாட்டில் பாதியை இலையிலேயே வைத்துவிட்டு எழுந்தீர்கள். கல்யாணத் தேதி பற்றிப் பேச இரண்டு நாளில் கூப்பிடுகிறேன் என்று சொல்லிப் போனவர், மூன்று வாரமாகக் கூப்பிடவில்லை. போதாக்குறைக்குப் போன வாரம் பிரிக்பீல்ட்ஸில் ஒரு கல்யாணத்தில் உங்கள் அக்கா, "கேட்டைப் பூட்டி வச்சி, அஞ்சு பாட்டு பாடின பிறகுதான் எங்களை உள்ள விட்டாங்க" என்று பந்தியில் பத்துப் பேரிடம் சொன்னதாக என் மச்சான் லோகன் பெண்டாட்டி வந்து, மூச்சு வாங்க, ஒரு வார்த்தை சிந்தாமல் கொண்டுவந்து கொட்டினாள். ஷாமினி போனைக் கவிழ்த்து வைத்துக்கொண்டு சோற்றைப் பிசைகிறாள், பிசைகிறாள், பிசைந்துகொண்டே இருக்கிறாள். கோயில் மண்டபத்துக்காரர் மாதக் கடைசிக்குள் தேதி வேண்டும் என்கிறார். நான் உங்களை அவமதித்ததாக நீங்கள் நினைத்தால் இந்தச் சம்பந்தம் நிற்காது. நான் ஒரு முட்டாள் என்று தெரிந்தால் ஒருவேளை நிற்கும். அதை நிரூபிக்கத்தான் இத்தனை பக்கம்.

வாழைமரத்தில் ஆரம்பிக்கிறேன். இரண்டு வருஷத்துக்கு முன்னால் லோகன் வீட்டு விசேஷத்துக்கு வாசலில் வாழைமரம் கட்டியது நான்தான். ராஃபியா கயிற்றில் ஏழு முடிச்சு. மாப்பிள்ளை காரிலிருந்து இறங்கினார், மரமும் அதே நேரத்தில் இறங்கியது, நாதஸ்வரக்காரர் தலையில். அவருக்கு ஒன்றும் ஆகவில்லை, நாதஸ்வரத்துக்குத்தான் ஆகிவிட்டது. அன்றிலிருந்து லோகன் எந்த விசேஷ வீட்டுக்குப் போனாலும் வாசலில் நின்று, "இது அத்தான் கட்டின மரமா? அப்ப நான் பின்பக்கமா வர்றேன்" என்று சத்தமாகக் கேட்டுவிட்டுத்தான் நுழைவான். இதை மனத்தில் வைத்துக்கொண்டு, என் மகள் பரிசத்துக்குக் கயிறே கூடாது, இரும்புப் பட்டை போட்டு மரத்தை வளைத்துப் பிடித்து, கேட் தூணில் ஸ்க்ரூ போட்டு முடுக்கிவிடுவது என்று முடிவு செய்தேன். எங்கள் கேட் பக்கவாட்டில் ஓடுகிற ஆட்டோகேட், பார்த்திருப்பீர்கள், நிறைய நேரம் பார்த்தீர்கள். இரண்டு பக்கமும் உள்ளே பொந்தாக இருக்கும் இரும்புத் தூண். தூணுக்குப் பின்னால், ஒரு விரல் இடைவெளியில் கேட் நிற்கும். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நான் அன்று வைத்துக்கொள்ளவில்லை.

சனிக்கிழமை ஹார்ட்வேர் கடைக்குப் போனேன். சீனத் தவுக்கே, கிள்ளானில் நாற்பது வருஷம் கடை வைத்திருப்பவர், நம்மைவிட நன்றாகத் தமிழ் பேசுவார். இரும்பில் போட ஸ்க்ரூ வேண்டும் என்றதும் ஒரு பெட்டி எடுத்துக் கொடுத்தார், செல்ஃப் டேப்பிங் ஸ்க்ரூ. "அண்ணே, முதல்ல டிரில்லுல சின்னதா ஓட்டை போட்டுட்டு அப்புறம் இதப் போடுங்க லா" என்றார். முப்பது வருஷம் போர்ட் கிள்ளானில் கப்பல் கம்பெனி ஆபீசில் வேலை பார்த்தவன் நான். ஆயிரக்கணக்கான டன் இரும்பை ஏற்றி இறக்கிக் கையெழுத்துப் போட்டவன். எனக்கா சொல்கிறார்? "தெரியும் தெரியும்" என்று வந்துவிட்டேன். வீட்டில் சீதாலெட்சுமிக்குப் பெட்டியைக் காட்டி, இது தானாகவே வழி பண்ணிக்கொண்டு உள்ளே போகிற ஸ்க்ரூ, ஓட்டையெல்லாம் தேவையில்லை என்று விளக்கம் வேறு சொன்னேன். அவள், "தானா போகும்னா நீங்க எதுக்கு?" என்று கேட்டாள். அப்போதே யோசித்திருக்க வேண்டும்.

மறுநாள் காலை வாழைமரம் லோரியில் வந்து சேரும்போதே மணி ஏழரை. பட்டையை வைத்தேன், ஸ்க்ரூவை வைத்தேன், டிரில்லை அழுத்தினேன். ஸ்க்ரூ உள்ளே போகவில்லை. தூண் மேலேயே சுற்றிச் சுற்றி ஓடியது, பெயின்டில் கோலம் போட்டது, கடைசியில் துள்ளிப் போய்ச் சாக்கடையில் விழுந்தது. அடுத்ததும் அப்படியே. என் எடை தொண்ணூற்றிரண்டு கிலோ, அத்தனையும் போட்டு அழுத்தினேன். லோகன் தே தாரே டீ கிளாசோடு வந்து நின்றான்.

"அத்தான், ஸ்க்ரூவுக்கு அருள் வந்திருச்சு. விபூதி எடுத்துட்டு வரவா?"

"வாய மூடுடா."

"கேட்டா சொல்லும் அத்தான், என்ன வேணும்னு."

பன்னிரண்டு ஸ்க்ரூ சாக்கடைக்குப் போன பிறகு மறுபடி கடைக்கு ஓடினேன். தவுக்கே அப்போதுதான் இரும்புக் கதவைத் தூக்கிக்கொண்டிருந்தார். என் முகத்தைப் பார்த்ததுமே அவருக்குப் புரிந்துவிட்டது. இரண்டு ஸ்க்ரூவை எடுத்து உள்ளங்கையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார்.

"இது நேத்து நீங்க வாங்கினது. மூக்கு கூர்மை, பாருங்க. இது மரை மட்டும்தான் வெட்டும், ஓட்டை போடாது. ஸ்க்ரூவ விடக் கொஞ்சம் சின்ன ஓட்டை நீங்க போட்டுக் குடுக்கணும், அதக் கடிச்சுக்கிட்டு இறங்கும். இந்த இன்னொண்ணு, முனையப் பாருங்க, டிரில் பிட்டு மாதிரி வெட்டு இருக்கு. இது தானே ஓட்டை போட்டு, தானே மரை வெட்டும். ரெண்டும் செல்ஃப் டேப்பிங்தான் அண்ணே. ஆனா ஒண்ணுக்குத்தான் பல்லு இருக்கு."

"அந்தப் பல்லு உள்ளதைக் குடுங்க."

"எவ்ளோ நீளம்?"

"பெருசா குடுங்க."

"இரும்பு எவ்ளோ கனம்?"

"தவுக்கே, என் மக பரிசம் இன்னைக்கு."

அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். "பரிசத்துக்கு எவ்ளோ நீளம்னு எனக்குத் தெரியாது அண்ணே. இரும்புக்குன்னா ஒரு இஞ்ச் போதும் லா."

ஒரு அங்குலமா? காஜாங்கிலிருந்து சம்பந்தி வருகிறார், வாசலில் ஒரு அங்குல ஸ்க்ரூவா? நம் ஆட்கள் ஜரிகையை அகலம் பார்த்து வாங்குவார்கள், பந்தலை உயரம் பார்த்துப் போடுவார்கள். நான் ஸ்க்ரூவைக் கௌரவம் பார்த்து வாங்கினேன். மூன்று அங்குலம்.

சம்பந்தி, அது இறங்கிய அழகை என்னவென்று சொல்வேன்! வாழைத்தண்டில் குண்டூசி இறங்குவதுபோல இறங்கியது. தூணின் முன்பக்கத்தைத் துளைத்தது, பொந்தைத் தாண்டியது, பின்பக்கத்தையும் துளைத்தது, அந்த ஒரு விரல் இடைவெளியைத் தாண்டி, மூடியிருந்த கேட்டுக்குள்ளும் போய் உட்கார்ந்தது. வெளியிலிருந்து எனக்குத் தெரிந்ததெல்லாம் அது உள்ளே போகிறது என்கிற ஒன்றுதான். பக்கத்து வீட்டு நாய் பந்தலுக்குள் வரக்கூடாதென்று கேட்டை நானேதான் மூடி வைத்திருந்தேன். நான் வெளியே நின்று முடுக்கிவிட்டு எப்படி உள்ளே போனேன் என்று கேட்பீர்கள். மதில் மேல் ஏறிக் குதித்துத்தான், பின்னாலேயே லோகனும். ரிமோட் வீட்டுக்குள் இருந்தது, கூப்பிட்டால் சீதாலெட்சுமி என் சட்டையின் கோலத்தைப் பார்ப்பாள் என்று பயம். அன்றைக்கு அந்த ரிமோட்டை ஒரு தடவை அமுக்கியிருந்தால் எல்லாம் அப்போதே தெரிந்திருக்கும். அமுக்கவில்லை.

இன்னொரு பாவமும் செய்தேன். ஸ்க்ரூ இறுகி நின்ற பிறகும் நான் விடவில்லை. இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று டிரில்லை அழுத்திக்கொண்டே இருந்தேன். பட்டென்று ஒரு சத்தம், ஸ்க்ரூவின் தலை தனியாகத் தெறித்து விழுந்தது. கொழுந்து கிள்ளியது மாதிரி இருந்தது. வேலை முடிந்தால் தலை தானாக விழும்போல என்று நினைத்துக்கொண்டேன், சத்தியமாக. ஆறு ஸ்க்ரூவில் நாலுக்குத் தலை போயிற்று, மிச்சம் இரண்டின் தலை மழுங்கி மொழுக்கென்று ஆயிற்று. ஆனால் மரம்? லோகன் இரண்டு கையாலும் பிடித்துத் தொங்கிப் பார்த்தான். அசையவில்லை. "அத்தான், புயல் வந்தாலும் நிக்கும்" என்றான். இருபத்தாறு வருஷத்தில் அவன் வாயிலிருந்து எனக்கு வந்த ஒரே பாராட்டு அதுதான். அந்த மப்பிலேயே போய்க் குளித்து வேட்டி மாற்றிக்கொண்டேன்.

பதினொரு மணிக்கு உங்கள் வேன் வந்தது. மேளம் முழங்கியது. பரிசத் தட்டுகளோடு நீங்கள் எல்லோரும் வரிசையாக வந்து நின்றீர்கள். நான் பன்னீர்ச் செம்போடு நின்று ரிமோட்டை அமுக்கினேன். மோட்டார் "ம்ம்ம்" என்று முனகியது. கேட் நகரவில்லை, இரண்டு வாழைமரமும் மட்டும் தலையை ஆட்டின. மறுபடி அமுக்கினேன். மறுபடி ஆட்டின. உங்கள் அக்கா, "அடேயப்பா, மரமே நமக்கு வணக்கம் சொல்லுது பாருங்களேன்" என்றார்கள். எல்லோரும் சிரித்தீர்கள். நான் குனிந்து கேட்டின் உள்பக்கம் பார்த்தேன். ஸ்க்ரூவின் முனை, நெல்மணி அளவு, வெளியே எட்டிப் பார்த்து என்னைக் கேலி செய்தது.

அந்த நொடியில் "சம்பந்தி, ஒரு தப்பு நடந்துபோச்சு" என்று சொல்லியிருந்தால் எல்லோரும் சிரித்திருப்போம். ஆனால் உங்கள் பக்கத்தில் பதினைந்து போன் வீடியோ எடுத்துக்கொண்டிருந்தன. பின்னால் லோகன் நின்றான். நீங்கள் "என்ன சம்பந்தி, ஏதும் பிரச்சினையா?" என்று அன்பாகத்தான் கேட்டீர்கள். என் வாய் இருக்கிறதே, அது என்னைக் கேட்காமலே பேசிவிட்டது.

"ஒண்ணும் இல்ல சம்பந்தி. எங்க குடும்பத்துல ஒரு வழக்கம். மாப்பிள்ளை வீட்டாளுங்கள வாசல்ல நிறுத்தி, அஞ்சு பாட்டு பாடி, அப்புறம்தான் உள்ள அழைப்போம்."

சீதாலெட்சுமி என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையில் தேங்காய் தானாக உடைந்திருக்கும். ஆனாலும் மானத்துக்காகப் பாடினாள். அவளுக்கு முழுதாகத் தெரிந்தது இரண்டு பாட்டு, அவற்றையே மாற்றி மாற்றி ஐந்தாக்கினாள். ஆரத்தித் தட்டு கம்பிக்குள் நுழையவில்லை, உள்ளேயிருந்தே காற்றில் சுற்றினாள். பொட்டு வைக்கக் கை எட்டவில்லை. அப்போது நீங்கள் குனிந்து, இரண்டு கம்பிக்கு நடுவில் உங்கள் நெற்றியைக் கொடுத்தீர்கள். சம்பந்தி, அந்த நெற்றி இன்னும் என் கண்ணைவிட்டுப் போகவில்லை. நான் சொன்ன பொய்க்கு அவ்வளவு மரியாதை கொடுத்தீர்கள்.

இதற்குள் லோகன் பின்பக்கச் சுவரேறிப் போய், பின் சந்தில் கூரை போடும் பட்டறையில் வேலை செய்கிற முகமது ரஃபீக்கை அழைத்து வந்தான். ராமநாதபுரத்துக்காரர், பெர்மிட்டில் வந்து மூன்று வருஷம் ஆகிறது. வந்தவர் கேட்டைப் பார்த்தார், தூணைப் பார்த்தார், என் வேட்டியைப் பார்த்தார்.

"யாருண்ணே இத அடிச்சது?"

"ஆள் வச்சு அடிச்சேன்."

"அந்த ஆள இனிமே வேலைக்குக் கூப்பிடாதீக." ஸ்க்ரூவைத் தடவிப் பார்த்தார். "தலை இருந்தா ஒரு நிமிசத்துல கழட்டிருவேன். இறுகினதும் நிறுத்த வேணாமா? இப்ப எதப் புடிச்சுண்ணே திருப்புறது?"

அந்த ஒரு விரல் இடைவெளியில் ரம்பத்தின் பிளேடை மட்டும் கழற்றி நுழைத்து, ஒவ்வொரு ஸ்க்ரூவாக இடுப்பில் அறுக்க ஆரம்பித்தார். கிறீச்சென்று ஒரு சத்தம். வெளியே கேட்டுவிடுமே! ஓடிப்போய் மதிலுக்கு மேலாக எட்டி மேளக்காரரிடம், "கெட்டிமேளம் அடிங்க" என்றேன். "அங்கிள், இன்னைக்குத் தாலி இல்லையே?" என்றார். "அடிங்க தம்பி, புண்ணியமாப் போகும்." அறுக்கும்போதெல்லாம் கெட்டிமேளம். தாலியே இல்லாமல் ஆறு தடவை. "யாருக்குங்க தாலி ஏறுது?" என்று உங்கள் அக்கா எட்டி எட்டிப் பார்த்தார்கள். பன்னிரண்டு மணிக்கு எமகண்டம் பிறந்துவிடும். பதினொன்று ஐம்பதுக்குக் கேட் திறந்தது. தட்டு மாற்றினோமா, ஓட்டப் பந்தயத்தில் கட்டை மாற்றினோமா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

இதுதான் நடந்தது. சாட்சிக்கு இந்த உறைக்குள் தலையும் இல்லாமல் வாலும் இல்லாமல் ஒரு துண்டு ஸ்க்ரூ வைத்திருக்கிறேன். நம்பாவிட்டால் ரஃபீக்கைக் கேளுங்கள். "ஆள் வச்சு அடிச்சேன்" என்றதை மட்டும் அவரிடம் திருத்திச் சொல்லிவிடுங்கள், எனக்கு இன்னும் அதற்கு வாய் வரவில்லை. என்மேல் எவ்வளவு கோபம் வேண்டுமானாலும் படுங்கள், மண்டபத்தில் என்னைச் செருப்பு வைக்கும் இடத்தில் உட்கார வையுங்கள், உட்காருகிறேன். ஷாமினிக்கு இதில் ஒரு பங்கும் இல்லை. அவள் அன்று மாடியறையில் பூ வைத்துக்கொண்டு ஐம்பது நிமிடம் காத்திருந்தாள். அவள் பங்குக்குப் பட்டது அதுவே போதும். ஆவணியில் ஒரு நாள் பார்த்துச் சொல்லுங்கள், உங்கள் வாயால் எந்தத் தேதி வந்தாலும் அதுவே எங்களுக்கு முகூர்த்தம்.

சம்பந்தியம்மாவுக்கும் அக்காவுக்கும் எங்கள் வணக்கம். மாப்பிள்ளை ஜீவனுக்கு ஆசி, அதைக் கொடுக்க எனக்குத் தகுதி மிச்சம் இருந்தால். குலதெய்வம் உங்கள் வீட்டு வாசலை எப்போதும் திறந்தே வைக்கட்டும்.

இப்படிக்கு,
வெட்கத்துடன்,
கமலநாதன்

பி.கு.: கையெழுத்துப் போட்டு மை காயவில்லை, உங்கள் போன் வந்துவிட்டது. என்ன பேசினோம் என்று உங்களுக்குத் தெரியும். ஆனாலும் அதை இங்கே எழுதச் சொல்லி சீதாலெட்சுமி என் தோளுக்குப் பின்னால் நிற்கிறாள். நீங்கள், "சம்பந்தி, மூணு வாரமா எந்த முகத்தோட பேசறதுன்னு தெரியல. நீங்கல்லாம் பாட்டுல இருந்தப்ப பொறுமை இல்லாம உங்க கேட்டை நான் ஒரு தள்ளு தள்ளிட்டேன். உள்ள டக்குன்னு ஒரு சத்தம். நான்தான் உங்க மோட்டாரை உடைச்சிட்டேன், அதான் அவ்ளோ நேரம் திறக்கல. சோறே இறங்கல எனக்கு. புது கேட்டுக்கு ஆள் சொல்லிட்டேன், மன்னிச்சிருங்க" என்றீர்கள். நானோ, எட்டுப் பக்க வாக்குமூலத்தைக் கண்ணுக்கு முன்னால் விரித்து வைத்துக்கொண்டு, "அட விடுங்க சம்பந்தி, வேணும்னா செஞ்சீங்க? நான் அன்னைக்கே மன்னிச்சிட்டேன்" என்று சொன்னேன். பெருந்தன்மையோடு சொன்னேன். இரண்டு தடவை சொன்னேன். அந்த டக்கும் என் ஸ்க்ரூவின் சத்தம்தான் சம்பந்தி. தயவுசெய்து கேட்காரரை நிறுத்துங்கள். உறையை ஒட்டி, தபாலில் போடப்போவது சீதாலெட்சுமி. என்னை நம்பவில்லை. இன்னொன்று. அந்தப் பாட்டு வழக்கம் உங்கள் அக்காவுக்கு ரொம்பப் பிடித்துப்போய், பிரிக்பீல்ட்ஸில் பார்த்தவர்களிடமெல்லாம் மெச்சிச் சொல்லி, கல்யாணத்தன்று மண்டப வாசலில் எங்களை நிறுத்திப் பாட ஐந்து பாட்டு பழகிக்கொண்டிருக்கிறார்கள் என்றீர்கள். அதற்கும் நான் "ரொம்ப சந்தோஷம்" என்றுதான் சொல்லித் தொலைத்தேன். அது பொய் வழக்கம் என்று அக்காவிடம் சொல்லும் வேலை உங்களுடையது. முடியாவிட்டால் விடுங்கள், பாடட்டும். வெளியே நிற்க வேண்டியவன் நான்தானே.